காலண்டர் அட்டையும் கறுப்புக் குடையும்

எங்கள் வீட்டுப் பட்டாசாலையில் அப்பாவின் படங்கள் இரண்டு மாட்டியிருக்கின்றன. ஒன்று மாலையும் குங்குமமும் கொண்ட பெரிய படம். அதற்குக் கீழே, அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிதாக இன்னொன்று. 2013 தீபாவளி இரவில் வாசலில் எடுத்தது. அப்பா குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். அவரது வலது கை பஞ்சுவின் கழுத்துப்பட்டையைப் பிடித்திருக்கிறது. பஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதோ ஒரு வெள்ளைத் திட்டு. மூக்கு இல்லை, காது இல்லை, விலா இல்லை. கண்கள் மட்டும் உண்டு. ஒன்று சிவப்பு, மற்றது பச்சை, ரயில்வே கைகாட்டி விளக்கு போல. அது திமிறிக்கொண்டிருந்தது என்பதை அப்பாவின் புடைத்த மணிக்கட்டிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா 2015-இல் மறைந்தார். அவரும் பஞ்சுவும் சேர்ந்திருக்கும் படம் இது ஒன்றுதான். அதைக் கெடுத்தவர்கள் வேறு யாருமில்லை, அண்ணனும் தம்பியுமான நாங்கள் இருவரும்தான். ஒருவன் கேமராவைப் பிடித்தான். மற்றவன், "இருட்டா இருக்கு, ஃபிளாஷ் போடு" என்றான்.

எங்கள் ஊர் திருத்தங்கல். குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் ஊர். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் வார்த்திகன் கதை நிகழும் தங்கால் இதுவே. வெளியூர்க்காரர்களுக்கு இது சிவகாசிக்கு முந்தைய ரயில் நிலையம். 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த பிறகு அந்தச் சிறு இடைவெளியும் காகிதத்தில் அழிந்துவிட்டது. எங்களில் மூத்தவன் ஆப்செட் அச்சகத்தில் படங்களை அச்சுக்கு ஒழுங்குசெய்யும் வேலையில் இருக்கிறான். இளையவன் பள்ளி ஆசிரியன். புகைப்படக் கலையை எவரிடமும் முறையாகப் பயின்றதில்லை. இங்கே எழுதுவது ஒரு நாயிடமும் ஒரு பூனையிடமும் கற்றுக்கொண்டதை.

பஞ்சு ராஜபாளையம் வகை. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாய் வகைகள் நான்கிற்குத் தபால்தலை வெளியிட்டபோது, இமயமலை ஆட்டு நாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றோடு எங்கள் மாவட்டத்து ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. பால்வெள்ளை மேனி, இளஞ்சிவப்பு மூக்கு. பஞ்சுவுக்கு ஒரு கண் தேன்நிறம், மற்றது நீலம். 2012-இல் அப்பா அதைக் குட்டியாகத் தூக்கிவந்தபோதே, "நீலக்கண் இருந்தா காது கேக்காதும்பாங்க" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். அது மூடநம்பிக்கை அல்ல என்று பின்னாளில் படித்தறிந்தோம். முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தரும் அதே செல்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே செவியின் நுண்ணுணர்வு அழிந்துபோகிறது. பஞ்சு எங்கள் குரலைக் கேட்டதே இல்லை.

பட்டாசு ஊரில் செவிட்டு நாய். இதைக் கொடுப்பினை என்றுதான் நாங்கள் நினைத்தோம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது என்றால் நாயின் செவி 40,000-ஐத் தாண்டியும் கேட்கிறது. தீபாவளி இரவில் தெருநாய்கள் லாரிகளுக்கு அடியிலும் சாக்கடைப் பாலங்களுக்கு அடியிலும் நடுங்கிக் கிடக்கும். பஞ்சு மட்டும் வாசற்படியில் கால் நீட்டி உறங்கும். ஓசை இல்லாத உயிருக்கு அச்சம் வேறு வழியாக வரும் என்பதை நாங்கள் அறியவில்லை. முகத்துக்கு மூன்றடி தூரத்தில், எச்சரிக்கை ஏதுமின்றி வெடித்த அந்த ஃபிளாஷ்தான் அதன் வாழ்நாளின் முதல் வெடி. அதன் பிறகு கறுப்பாக எதையேனும் முகத்துக்கு நேரே தூக்கினால் பஞ்சு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடும்.

வெடி என்று உவமைக்காகச் சொல்லவில்லை. ஃபிளாஷின் பிறப்பே எங்கள் ஊர்ச் சரக்கில்தான். 1887-இல் அடால்ஃப் மீட்டே, யோஹன்னஸ் கெடிக்கே என்ற இரு ஜெர்மானியர்கள் மெக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து, பற்றவைத்ததும் பளீரென்று எரியும் பொடியைப் புகைப்படக்காரர்களுக்காக உண்டாக்கினார்கள். தீக்குச்சியின் தலையில் இருப்பதும் அதே குளோரேட்டுதான். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் அத்தகைய பொடியைக் கொண்டு இரவில் ஏரிக்கரைகளில் மான்களைப் படம் பிடித்தார். நேஷனல் ஜியாக்ரபிக் 1906 ஜூலை இதழில் அவருடைய 74 படங்கள் வெளியாயின. அற்புதமான படங்கள்தாம். ஆனால் வெளிச்சம் வெடித்த பிறகு அந்த மான்கள் எந்தப் பக்கம் பாய்ந்தோடின என்பதை, பஞ்சுவைப் பார்த்த பிறகே நினைக்கத் தோன்றியது.

2024 கோடையில் பஞ்சு சாப்பாட்டைக் குறைத்தது. சிறுநீரகம் தளர்ந்துவிட்டது என்றார் கால்நடை மருத்துவர். வயது பன்னிரண்டு. வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எய்யா, இதுக்குன்னு ஒரு நல்ல படம் இருக்கா நம்மகிட்ட?"

இல்லை. செல்பேசிகளில் தேடினோம். தூங்கும் படங்கள், முதுகு காட்டும் படங்கள், ஓடும் படங்கள் எனப் பல இருந்தன. எல்லாவற்றிலும் ஒன்று அது வெள்ளைத் திட்டாக இருந்தது, அல்லது அழுக்குச் சாம்பலாக இருந்தது.

முதலில் வெயிலில் முயன்றோம். கரிசல் காட்டு நண்பகல் வெயில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் உகந்தது, முகத்துக்கு உகந்ததல்ல. உச்சியிலிருந்து நேராக விழுந்து, முதுகைச் சுட்டெரித்து, கண்களைக் குழியாக்கிவிடுகிறது. அடுத்துப் பட்டாசாலைக் குழல்விளக்கின் கீழ் முயன்றோம். ஒளி போதாமல் செல்பேசி தடுமாறி, மூச்சு விடும் விலாவெல்லாம் கலங்கலாய்ப் பதிந்தது. சன்னலோரம் எடுத்தபோது வேறொரு சிக்கல். வெள்ளை நாய் சாம்பல் நாயாக விழுந்தது. கேமராவுக்கு நாய் தெரியாது. தன்முன் இருப்பது எதுவாயினும் அதன் சராசரி வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பலாகக் கருதி அளவை வைத்துக்கொள்கிறது. அதனால் வெள்ளையைக் கண்டால் குறைத்துவிடுகிறது, கறுப்பைக் கண்டால் கூட்டிவிடுகிறது. தீர்வு எளிது. திரையில் நாயின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் அளவு அங்கே நிலைகொள்ளும். பிறகு பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மெல்ல மேலே இழுத்து, சாம்பல் வெள்ளையாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். விலாப்பக்கத்து முடிகள் தனித்தனியாகத் தெரிவதை இழந்துவிட்டால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

இந்தத் தோல்விகளுக்குப் பிறகுதான் ஒரு முடிவுக்கு வந்தோம். நோயாளியை வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போகக்கூடாது. அது படுத்திருக்கும் இடத்துக்கு வெளிச்சத்தைக் கொண்டுவர வேண்டும். ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் விசாரித்தோம். குடைவிளக்கும் திரையுமாக அவர் சொன்ன வாடகை ஒருபுறமிருக்க, அவற்றைக் கண்டாலே பஞ்சு எழுந்து போய்விடும். வீட்டில் அது அன்றாடம் பார்த்துப் பழகிய பொருட்களைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பஞ்சு எப்போதும் படுத்திருப்பது பட்டாசாலையின் கிழக்குச் சன்னலடியில். காலை எட்டரை மணிக்கு அங்கே வெயில் கம்பிகளின் வழியே வரிவரியாக விழும். நாய்மீது புலிக்கோடுகள் போலிருக்கும். அந்தச் சன்னலில் எதையாவது தொங்கவிட வேண்டும் என்றதும் அம்மா பெட்டியைத் திறந்து அப்பாவின் எட்டு முழ வேட்டியை எடுத்துத் தந்தார். பத்து வருடத் துவைப்பில் இழை தேய்ந்து, மெல்லிய சல்லாத்துணி போலாகியிருந்தது. புது வேட்டியைவிட அதுவே இந்த வேலைக்கு ஏற்றது. புதியதில் ஏற்றியிருக்கும் வெளுப்பு மருந்தின் நீலச் சாயல் நாயின்மீதும் ஏறும். கரை சன்னலுக்கு வெளியே போகும்படி இரட்டையாக மடித்துக் கட்டினோம்.

கோடுகள் மறைந்தன. வெயில் சன்னலில் நின்றுவிட்டது. உள்ளே வந்தது வேட்டியின் ஒளி மட்டும். ஒளி முரடாக இருப்பதும் மென்மையாக இருப்பதும் அதன் பலத்தைப் பொறுத்ததல்ல. பொருளிலிருந்து பார்க்கையில் ஒளிவரும் இடம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியன் மாபெரிது என்றாலும் நம் வானில் ஒரு பொட்டுதான். ஃபிளாஷும் ஒரு சிறு பொட்டு. நான்கடிச் சன்னல் முழுக்க விரிந்த வேட்டியோ, இரண்டடி தூரத்தில் கிடக்கும் நாய்க்கு ஒரு வானம். தூரம் கூடினால் வானம் சுருங்கும், வெளிச்சமும் வேகமாகக் குறையும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும் என்பது, சன்னல் போன்ற அகன்ற ஒளிக்கு அத்தனை கச்சிதமாகப் பொருந்தாவிட்டாலும், மனத்தில் வைத்துக்கொள்ளத்தக்க கணக்கு.

சன்னலை நோக்கிய பாதி முகம் வந்துவிட்டது. மறுபாதி இருண்டிருந்தது. இங்கேதான் காலண்டர் அட்டை கைகொடுத்தது. இந்த வட்டாரத்து வீடுகளில் பழைய தினசரி நாட்காட்டிகளின் அட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. டிசம்பர் 31 கிழிந்த பிறகும் சாமி படத்தோடு கூடிய அட்டையைத் தூக்கிப்போட மனம் வராமல் பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருப்போம். அப்படி நான்கு அட்டைகளை எடுத்து, பின்பக்கத்துப் பழுப்பின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, இரண்டிரண்டாகத் துணிநாடாவால் இணைத்தோம். புத்தகம் போல விரித்து வைத்தால் தானாக நிற்கும். சன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில், நாயிலிருந்து ஒன்றரை முழத் தொலைவில் நிறுத்தியதும் இருண்ட கன்னத்தில் ஒளி ஏறியது. முன்னே நகர்த்தினால் கூடுகிறது, பின்னே இழுத்தால் குறைகிறது. ஸ்விட்ச் இல்லாத விளக்கு. பஞ்சு ஒருமுறை அதை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தலையைத் தரையில் வைத்துக்கொண்டது.

தரை ஒரு தொல்லை. பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரை. அதில் பட்ட ஒளி திரும்பி நாயின் அடிவயிற்றை ரோஸ் நிறமாக்கியது. வெள்ளை உயிர் தன்னைச் சுற்றியுள்ள எல்லா நிறத்தையும் பூசிக்கொள்ளும். நீலச் சட்டை அணிந்து அருகில் நின்றால் நீலத்தையும். ஒரு வெளுத்த போர்வையை விரித்தோம், நாங்களும் வெள்ளைச் சட்டைக்கு மாறினோம். நிறம் நேரானது.

இவ்வளவுக்குப் பிறகும் படம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. எங்கும் வெளிச்சம், எங்கும் வெள்ளை. பஞ்சு தெளிவாக இருந்தது, ஆனால் தட்டையாக இருந்தது. காகிதத்தில் வெட்டி ஒட்டிய நாய் போல. இன்னும் ஓர் அட்டை வைக்கலாமா என்று இளையவன் கேட்டான். மூத்தவன் நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் தொழிலின் பாடம் ஒன்றைச் சொன்னான்.

ஆப்செட் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகள் உண்டு. வெள்ளை மை அந்த நான்கில் இல்லை. மை விழாத காகிதமே வெள்ளை. எனவே காலண்டரில் ஒரு வெள்ளைப் பசுவையோ மல்லிகையையோ அச்சிடும்போது, வெள்ளையாக இருக்கட்டும் என்று மையை முற்றாக நீக்கிவிட்டால் பசு காகிதத்தில் கரைந்து காணாமல் போய்விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில், இரண்டு மூன்று சதவீதப் புள்ளியையாவது அங்கே விட்டுவைப்பார்கள். அந்தச் சிறு அழுக்குதான் வெள்ளைக்கு உடம்பைக் கொடுக்கிறது. "நாம இத்தனை நாளா வெளிச்சத்தையே தேடிக்கிட்டு இருந்தோம். இதுக்கு இல்லாதது நிழல்தான்" என்றான் மூத்தவன்.

காலண்டர் அட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அப்பாவின் கறுப்புக் குடையை விரித்து வைத்தோம். கறுப்புத் துணி, அறையில் அலைந்துகொண்டிருந்த மிச்ச ஒளியைக் குடித்துவிட்டது. அடுத்த படத்தில் பஞ்சுவின் விலாக்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. தாடைக்குக் கீழே ஒரு மெல்லிய நிழல், முன்னங்காலின் தசை வற்றிய பள்ளம், ஒற்றைக் காதின் நுனியில் பழைய கடித்தழும்பு. பன்னிரண்டு வருடமாக உடனிருந்த நாயை அன்றுதான் முழுதாகப் பார்க்கிறோம் என்று தோன்றியது. அது எவ்வளவு மெலிந்துவிட்டது என்பதையும் அந்த நிழல்தான் காட்டியது. அறைக்குள் சற்று நேரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

குடையின் பயன் எல்லா உயிருக்கும் பொருந்துவதல்ல. எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் மை. அச்சக மையின் கறுப்பு. அதற்குச் செய்ய வேண்டியவை யாவும் நேர்மாறானவை. கேமரா அதைக் கண்டதும் ஒளியைக் கூட்டிப் பின்புலத்தை வெளிறவைக்கும். எனவே சூரியக் குறியைக் கீழே இழுக்க வேண்டும். வெள்ளை அட்டையின் மெல்லொளி கறுப்பு முடிக்குப் போதாது. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, மறுபடி விரித்து அட்டையில் சுற்றி, பூனையின் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி வைத்தோம். கசக்காத தாள் கண்ணாடி போல ஒரே இடத்தில் சுடரடிக்கும். கசக்கியதோ ஒளியைப் பலவாறாகச் சிதறவிடும். முதுகின் ஓரத்தில் ஒரு வெள்ளிக்கோடு ஓடியது. கறுப்புக்குள்ளிருந்து பூனை பிரிந்து வந்தது. கறுப்பு உயிருக்கு வடிவம் தருவது அதன்மேல் படும் மினுக்கம், வெள்ளை உயிருக்கு வடிவம் தருவது நிழல். நாங்கள் கற்றதன் சாரம் இவ்வளவே.

படம் எடுத்த நாளுக்கு வருவோம். ஆவணி மாதத்து ஞாயிறு. பஞ்சு முந்தின நாள் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. வேட்டி, போர்வை, குடை மூன்றும் இரண்டு நாட்கள் முன்பே அதன் இடத்தில் வைக்கப்பட்டுப் பழகியிருந்தன. இளையவன் செல்பேசியோடு தரையில் குப்புறப் படுத்துக்கொண்டான். நாயின் கண் உயரத்துக்கு இறங்காமல் எடுக்கும் படங்களில் நாம்தான் தெரிவோம், நாய் தெரிவதில்லை. முகத்துக்கு நேரே கறுப்பாக எதையும் காட்டக்கூடாது என்பதால் செல்பேசிக்கு ஒரு வெள்ளைக் கைக்குட்டையைச் சுற்றி, லென்ஸை மட்டும் திறந்துவிட்டிருந்தோம்.

தலையை நிமிரவைப்பது எப்படி? பெயர் சொல்லி அழைக்க முடியாது. அம்மா வந்து சன்னலுக்கு அருகில் நின்று, எப்போதும் சோறு வைக்கும்போது செய்வதுபோல, வலது காலால் தரையை இருமுறை தட்டினார். அதிர்வு தரை வழியே போயிற்று. பஞ்சு தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தது. வயோதிகத்தால் இரு கண்களிலும் லேசான புகைமூட்டம் இருந்தது. முதிய நாய்களின் கண்வில்லை இறுகுவதால் வருவது, புரை அல்ல என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஃபிளாஷ் அடித்தால் அந்த மூட்டமே முன்னால் வந்து நிற்கும். பக்கவாட்டு ஒளியில் அது பின்வாங்கி, நீலக்கண்ணிலும் தேன்கண்ணிலும் அப்பாவின் வேட்டி இரண்டு சிறு வெண்சதுரங்களாகத் தெரிந்தது. பழைய படத்தின் சிவப்புக்கும் பச்சைக்கும் காரணமும் அந்தக் கண்கள்தாம். நாய்க் கண்ணின் பின்புறம் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு. தேன்கண்ணில் அது ஃபிளாஷைப் பச்சையாகத் திருப்பியது. நீலக்கண்களில் அந்தப் படலம் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால் ரத்தக்குழாய்களின் சிவப்பே தெரிந்தது.

ஒன்பது படங்கள் எடுத்தோம். பத்தாவதுக்குள் பஞ்சு தலையைத் தாழ்த்திக்கொண்டது. அதோடு நிறுத்திவிட்டோம்.

இதைப் படித்து முயலும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். துணியை வெயிலுக்குக் குறுக்கே கட்டலாம், எரியும் பல்புக்குக் குறுக்கே கட்டவே கூடாது. அலுமினியத் தாளின் துணுக்குகளைத் தரையில் விடாதீர்கள், நாயும் பூனையும் விழுங்கிவிடும். டார்ச்சை ஒருபோதும் கண்ணுக்கு நேரே அடிக்காதீர்கள். அது வாலை இடுக்கிக்கொண்டாலோ, பசியில்லாதபோதும் உதட்டை நக்கினாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ படம் முடிந்தது என்று கொள்ளுங்கள்.

மூத்தவனே படத்தை அச்சுக்கு ஒழுங்குசெய்தான். ஓரத்தில் அம்மாவின் கால்விரல்கள் மெட்டியோடு விழுந்திருந்தன. வெட்டிவிடலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டோம். சுவரில் மாட்டும்போது, அப்பாவின் பழைய சிறுபடத்தை எடுத்துவிட்டு அங்கே இதை வைக்கலாம் என்பது எங்கள் எண்ணம். அம்மா ஒப்பவில்லை. "அதுவும் இருக்கட்டும். அவரு புடிச்சிருக்க கை அதுல நல்லா விழுந்திருக்குல்ல" என்றார். உண்மைதான். அந்தப் படத்தில் சரியான ஒளியில் பதிந்திருப்பது அப்பாவின் கை மட்டுமே. நாங்கள் அதுவரை அதைக் கவனித்ததில்லை. இப்போது இரண்டும் பக்கம்பக்கமாக இருக்கின்றன.

பஞ்சு அந்த ஐப்பசியில், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, அதே சன்னலடியில் போய்ச் சேர்ந்தது. வேட்டியை அம்மா துவைத்து மடித்து மறுபடி பெட்டியில் வைத்துவிட்டார். குடை மழைக்குப் போய் வருகிறது.

சென்ற பங்குனியில் பக்கத்து வீட்டுச் சிறுமி வந்தாள். அவர்கள் வீட்டில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கறுப்புக் கிடா ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. "பெரியப்பா, பஞ்சுவ எடுத்த மாதிரியே நல்லா எடுக்கணும். அந்த அட்டையத் தாறீங்களா?" என்று கேட்டாள். காலண்டர் அட்டையைக் கையில் எடுத்த மூத்தவன் ஒரு கணம் நின்று, அதை வைத்துவிட்டு அலுமினியத் தாள் சுற்றியதை எடுத்துத் தந்தான். காலையிலேயே எடுத்துவிட வேண்டும் என்றும், கிடாவின் முதுகுக்குச் சற்றுப் பின்னால் இதை நிறுத்த வேண்டும் என்றும் இளையவன் சொல்லிக்கொடுத்தான். அவள் தலையாட்டிவிட்டு, தன்னைவிட அகலமான அட்டையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வெயில் அதில் பட்டு எதிர்ச்சுவரெல்லாம் நெளிய, தெருவில் இறங்கி நடந்தாள்.